இதய நோய் வராமல் பார்த்துக்கொள்ள: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. சில வருடங்களுக்கு முன் பல் பிடுங்கப் போன இடத்தில், ஊசி போடும் முன் எதற்கும் பார்த்துவிடுவோம் என்று பிபி பார்த்தார்கள். 168/102 காட்டியது. பல்லைப் பிடுங்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றுவரை எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அதற்குப் பிறகு படித்தது, மருத்துவர்களை நச்சரித்துக் கேட்டது, நானே தப்பாகச் செய்து திருத்திக்கொண்டது எல்லாம் சேர்ந்துதான் இந்தப் பதில்கள். தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையே எடுத்திருக்கிறேன். ஏற்கெனவே இதய நோய் இருப்பவர்களும் மாத்திரை சாப்பிடுபவர்களும் எதையாவது மாற்றும் முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இப்போதே எதற்கு இதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

தொந்தரவு தெரியும்போது உள்ளே இருபது முப்பது வருட வேலை நடந்து முடிந்திருக்கும், அதனால்தான். கொரியப் போரில் இறந்த அமெரிக்கப் படைவீரர்கள் 300 பேரின் இதயங்களை ஆராய்ந்து 1953இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களின் சராசரி வயது 22. ஓடியாடித் திரிந்த பையன்கள். ஆனால் நான்கில் மூன்று பேருக்கு இதயத் தமனிகளில் நோயின் தடயம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. மாரடைப்பு ஐம்பதில் வருகிறது, அதற்கான வேலை இருபதிலேயே தொடங்கிவிடுகிறது.

பிபியும் அப்படித்தான். 30 முதல் 79 வயதுக்குள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உலகில் சுமார் 128 கோடி பேர், அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. அந்தப் பாதியில்தான் நானும் இருந்திருக்கிறேன்.

அடைப்பு என்றால் தண்ணீர்க் குழாயில் பாசி படிவது மாதிரிதானே?

எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம், நானும் நினைத்தேன். உண்மையில் கொழுப்பு குழாயின் உட்பரப்பில் ஒட்டுவதில்லை, குழாயின் சுவருக்குள்ளேயே போய்த் தங்குகிறது. ரத்தத்தில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், அதிகமாக இருந்தால், அல்லது புகையாலும் அதிக அழுத்தத்தாலும் சுவரின் உள்பூச்சு கெட்டுப்போயிருந்தால், கொழுப்பு உள்ளே நுழைவது சுலபமாகிறது. நுழைந்ததைத் தின்று தீர்க்க வெள்ளையணுக்கள் வருகின்றன, தின்று தின்று அவையும் உள்ளேயே செத்துக் கிடக்கின்றன. மேலே ஒரு மெல்லிய மூடி உருவாகிறது. ஒரு கொப்புளம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூடி கிழிந்தால்தான் ஆபத்து. கிழிந்த இடத்தைக் காயம் என்று நினைத்து உடல் அங்கே ரத்தத்தை உறைய வைக்கிறது, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய் சில நிமிடங்களில் அடைபட்டுவிடுகிறது. அதனால்தான் போன மாதம் டிரெட்மில் சோதனையில் எல்லாம் நார்மல் என்று வந்தவருக்கு இந்த மாதம் மாரடைப்பு வருகிறது. அந்தச் சோதனை குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதைத்தான் ஓரளவு காட்டும், எந்த மூடி எப்போது கிழியும் என்று அதற்குத் தெரியாது. பாதி அடைப்புகூட இல்லாத கொப்புளம் கிழிந்தும் ஆள் போய்விடுவதுண்டு.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. எல்டிஎல் குறைந்து, புகை நின்று, அழுத்தம் இறங்கினால் கொப்புளம் முழுதாக மறையாவிட்டாலும் மூடி தடித்து உறுதியாகிறது. ஐம்பது வயதில் பழக்கத்தை மாற்றினாலும் பலன் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொல்கிறார்கள். உண்மையில் எதெல்லாம் கணக்கு?

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் 5,209 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஊர்க்காரர்களைப் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து, யாருக்கு நோய் வருகிறது, அவர்கள் முன்பு எப்படி இருந்தார்கள் என்று பார்த்தார்கள். பிபி, கொலஸ்ட்ரால், புகை என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வது பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். அதற்கு முன் வயதானால் பிபி ஏறுவது இயல்பு, அதைக் குறைக்கக்கூடாது என்றுகூடப் பல மருத்துவர்கள் நம்பினார்கள்.

அது ஒரே ஊர், அதுவும் பெரும்பாலும் வெள்ளையர்கள் என்ற குறை இருந்தது. 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் என்ற ஆய்வு 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டது. புகை, ரத்தக் கொழுப்பு, பிபி, சர்க்கரை நோய், வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கறி பழம் போதாமை, உடற்பயிற்சி இல்லாமை, மது ஆகிய ஒன்பது விஷயங்கள் முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் சுமார் 90 சதவீதத்தை விளக்கிவிடுகின்றன என்று கண்டார்கள். எந்த நாடு, எந்த இனம் என்றாலும் பட்டியல் பெரிதாக மாறவில்லை. இந்த ஒன்பதைத் தாண்டி யாராவது உங்களிடம் அபூர்வமாக ஏதாவது விற்க வந்தால், முதலில் இந்த ஒன்பதும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு எல்லாம் மாரடைப்பு. எனக்கும் வரத்தானே போகிறது?

வாய்ப்பு கூடுதல்தான், மறுக்க முடியாது. முக்கியமாக அப்பா அல்லது உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா அல்லது உடன்பிறந்த பெண்ணுக்கு 65க்கு முன்போ வந்திருந்தால் மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் வரத்தான் போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. 2016இல் ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மரபணு விவரங்களை வைத்து நடத்திய ஆய்வில், மரபணு அபாயம் மிக அதிகமாக இருந்தவர்களிலேயே நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு, மோசமான பழக்கம் உள்ளவர்களைவிட நோய் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தது.

இரண்டு விஷயங்களை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று, பிறவியிலேயே எல்டிஎல் மிக அதிகமாக இருக்கும் குடும்பக் கோளாறு. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, இதற்குப் பத்தியம் மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். இன்னொன்று லிப்போபுரோட்டீன் ஏ, எல்டிஎல் மாதிரியே ரத்தத்தில் ஓடும் ஒரு கொழுப்புத் துகள். பெரும்பாலும் பரம்பரையாக வருவது, பழக்கத்தால் பெரிதாக மாறாது, வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் வராது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு இருந்தால் இதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நாளைக்கு ஒன்றிரண்டு சிகரெட்தான். அதனால் என்ன ஆகிவிடும்?

இருபதுக்குப் பதில் ஒன்று பிடித்தால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகிவிடும் என்று மனசு கணக்குப் போடுகிறது. நுரையீரல் புற்றுநோயில் அந்தக் கணக்கு ஓரளவு வேலை செய்யும், இதயத்துக்கு எடுபடாது. 2018இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், தினம் ஒன்று பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் அபாயம், தினம் இருபது பிடிப்பவருடையதில் ஏறக்குறையப் பாதி என்று தெரியவந்தது. கொஞ்சம் புகையே ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, குழாயின் உள்பூச்சைக் கெடுத்துவிடுகிறது. பக்கத்தில் நிற்பவருக்கும் இதே கதைதான். மெல்லும் புகையிலை பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம்.

நிறுத்தினால் கிடைக்கும் பலனும் அதே வேகத்தில்தான். சில மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இறங்குகிறது, ஒரு வருடத்தில் இதய நோய்க்கான கூடுதல் அபாயம் பாதியாகிறது, பதினைந்து வருட வாக்கில் பிடிக்காதவர் நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. எந்த மாத்திரையும் இவ்வளவு கொடுக்காது. மன உறுதி இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் புகைபிடிக்காதவர்கள். நிகோடின் சூயிங்கம், ஒட்டும் பட்டை, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை, இவற்றோடு பேசி உதவ ஒருவர் என்றிருந்தால் நிறுத்துபவர்கள் எண்ணிக்கை கூடுகிறது. மூன்று நான்கு முறை தோற்றுவிட்டு ஐந்தாவதில் விட்டவர்கள் ஏராளம்.

பிபி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி காட்டுகிறது. எதை நம்புவது?

முதலில் எடுக்கும் விதத்தைச் சரிசெய்யுங்கள். நான் ஆரம்பத்தில் செய்தது இதுதான்: மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு, கால்மேல் கால் போட்டு, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, போனில் பேசிக்கொண்டே பொத்தானை அழுத்துவேன். 152 வரும். பயந்துபோய் உடனே இன்னொரு தடவை, அது 158.

அரைமணி நேரத்துக்கு முன்பே காபி, டீ, புகை எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக்கூடாது, அதுவே நன்றாக ஏற்றிவிடும். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கை மேசைமீது, பட்டை நெஞ்சு உயரத்தில், வெறும் தோலின் மேல். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் பிபி பொய்யாக அதிகம் காட்டும், இதைப் பல இடங்களில் கவனிப்பதே இல்லை. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, காலை மாலை என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். இப்படி எடுத்தபோது எனக்கே பத்துப் புள்ளி குறைவாக வந்தது, ஆனாலும் அதிகம்தான் என்பது உறுதியானது.

120/80க்குக் கீழே இருந்தால் நல்லது. மருத்துவமனையில் 140/90ஐத் தொடர்ந்து தாண்டினால் எல்லா வழிகாட்டிகளும் அதை உயர் ரத்த அழுத்தம் என்றே சொல்கின்றன, அமெரிக்காவில் 2017 முதல் 130/80 என்று கோட்டை இறக்கிவிட்டார்கள். ஒரே ஒரு நாள் ஏறியதை வைத்து முடிவுகட்ட வேண்டியதில்லை. அதே மாதிரி, ஒரே ஒரு நாள் இறங்கியதை வைத்து மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

உப்பு எவ்வளவு போடலாம்? கல் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு எல்லாம் நல்லதா?

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. இது அடுப்படியில் போடுவது மட்டும் அல்ல, ரொட்டி, சாஸ், பாக்கெட் தின்பண்டம், வெளியில் வாங்கும் சாப்பாடு எல்லாம் சேர்த்து. பாக்கெட்டின் பின்னால் சோடியம் என்று போட்டிருப்பதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, 100 கிராம் பாக்கெட் ஒன்றிலேயே நாளின் பங்கில் பாதிக்குக் கிட்ட முடிந்துவிடும். இனிப்பு பிஸ்கட்டிலும் காலைத் தானிய உணவிலும் இதைப் பார்த்துவிட்டு எனக்கு அவற்றின் மேலிருந்த ஆசையே போய்விட்டது.

கல் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு, கடல் உப்பு எதுவானாலும் அநேகமாக எல்லாம் சோடியம் குளோரைடுதான். நிறத்துக்குக் காசு கொடுக்கிறோம், அவ்வளவுதான். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு வேறு விஷயம். சீனாவில் 600 கிராமங்களில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு மாறிய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகைப் பிபி மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது, பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

ஒரேயடியாகக் குறைத்தால் சாப்பாடு சப்பென்று இருக்கும், வீட்டில் சண்டை வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடுகிறது. புளிப்பும் காரமும் மூலிகைகளும் உதவும்.

முட்டை சாப்பிடலாமா? எந்த எண்ணெய் நல்லது?

சாப்பிடும் கொலஸ்ட்ரால் வேறு, ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ரால் வேறு. பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது, அதை அதிகம் தயாரிக்கச் சொல்லித் தூண்டுவது பெரும்பாலும் வெண்ணெய் போன்றவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு முட்டை பிரச்சினை இல்லை, அதனுடன் தட்டில் வைக்கும் வெண்ணெயும் பதப்படுத்திய இறைச்சியும்தான் பிரச்சினை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எண்ணெயைப் பொறுத்தவரை, அறை வெப்பத்தில் உறைந்து கட்டியாக நிற்கும் கொழுப்பைக் குறைத்து, திரவமாக இருப்பதற்கு மாறினால் எல்டிஎல் இறங்கும். மொத்த அளவும் கட்டுக்குள் இருக்க வேண்டும், நல்ல எண்ணெய் என்பதற்காகக் குளம் கட்டக்கூடாது. உண்மையிலேயே தவிர்க்க வேண்டியது டிரான்ஸ் கொழுப்பு. பாக்கெட்டில் பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் என்று இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். இதற்கு முதலில் சட்டம் போட்ட நாடு டென்மார்க், 2003இல். பிறகு உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் எல்லா நாடுகளும் இதை ஒழிக்க வேண்டும் என்று கேட்டது.

முழு உணவுமுறையாகப் பார்த்தால், ஸ்பெயினில் சுமார் 7,400 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று இருக்கிறது. காய்கறி, பழம், பருப்பு வகை, மீன் இவற்றோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ தாராளமாகச் சேர்த்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்து 30 சதவீதம் போலக் குறைந்தன. 2013இல் வந்த அந்தக் கட்டுரையில், ஆட்களைக் குழு பிரித்த முறையில் தவறு இருப்பது தெரிந்து திரும்பப் பெற்றார்கள், திருத்திக் கணக்கிட்டு 2018இல் மறுபடி வெளியிட்டபோதும் முடிவு ஏறக்குறைய அதேதான். தவறை ஒத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டதாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை கூடியது.

சர்க்கரை?

தனியாகச் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் சேர்த்து நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள், முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது 25 கிராம் போல. ஒரே ஒரு குளிர்பானம் இதைத் தாண்டிவிடும். குறைக்க ஓர் இடம் கேட்டால் பானங்களைத்தான் காட்டுவேன், வயிறு நிறையாமல் கலோரி மட்டும் ஏறுவது அங்கேதான். பழத்தை முழுதாகக் கடித்துச் சாப்பிடுங்கள், சாறாக்க வேண்டாம்.

நடந்தால் போதுமா, ஜிம் போகணுமா? பத்தாயிரம் அடி கட்டாயமா?

லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளில் இருந்து தொடங்குகிறேன். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஒரே நிறுவனம், ஒரே மாதிரிக் குடும்பப் பின்னணி. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் டிக்கெட் கொடுக்க நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவே இருந்தது, வந்தாலும் உயிரைக் குடிக்கும் வகை குறைவு. அவர்கள் யாரும் ஜிம்முக்குப் போனவர்கள் இல்லை.

பத்தாயிரம் அடி என்பது ஆய்வில் பிறந்த எண் அல்ல, 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. பிற்கால ஆய்வுகளில் ஏழாயிரம் எட்டாயிரத்திலேயே பெரும்பாலான பலன் வந்துவிடுகிறது. இரண்டாயிரத்தில் இருப்பவர் நாலாயிரத்துக்குப் போனால் கிடைக்கும் லாபம், எட்டாயிரத்தில் இருப்பவர் பத்தாயிரத்துக்குப் போவதைவிடப் பெரிது.

வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். பேச்சே வராத அளவுக்கு மூச்சு வாங்கும் பயிற்சி என்றால் 75 நிமிடம் போதும். இதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: எடை தூக்கலாம், சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுக்கலாம், நாற்காலியில் உட்கார்ந்து எழலாம். நாற்காலி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், கையை ஊன்றாமல் பத்து தடவை செய்து பாருங்கள், தொடை சொல்லும். தினம் முடியாதவர்கள் வார இறுதியில் மொத்தமாகச் செய்தாலும் பலன் உண்டு. அப்புறம், காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மிச்சப் பொழுதெல்லாம் நாற்காலியிலேயே கிடப்பது அரைக்கிணறு தாண்டுவதுதான், அவ்வப்போது எழுந்து நில்லுங்கள்.

தினம் உடற்பயிற்சி செய்தவரே செத்துப்போனாரே?

இந்தச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் பத்துப் பேர் நடப்பதை நிறுத்துகிறார்கள். கட்டான உடம்பு இருந்தும் பிறவியிலேயே இதயத் தசை தடித்திருக்கலாம், எல்டிஎல் பார்க்காமலே விட்டிருக்கலாம், புகைத்திருக்கலாம், ஊக்க மருந்து போட்டிருக்கலாம். பயிற்சி ஒன்பதில் ஒன்றுதான், மற்ற எட்டுக்கும் அது விலக்கு வாங்கித் தராது. வருடக்கணக்கில் சோம்பி இருந்துவிட்டு ஒரே நாளில் ஆவேசமாக ஓடுவதும் ஆபத்து. நாற்பதைத் தாண்டியவர்கள், நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தவர்கள் கடுமையான பயிற்சி தொடங்கும் முன் காட்டிக்கொள்ளுங்கள். நடப்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

நான் ஒல்லிதான், எனக்கும் வருமா?

எடை இயந்திரத்தைவிட அளவு நாடா இதில் நிஜத்தைச் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். வயிற்றை எக்கக்கூடாது, யாரும் பார்க்கவில்லை. உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது: 170 செ.மீ. உயரம் என்றால் 85க்குள். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்திருப்பவர்களுக்கு உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும், அதுதான் சர்க்கரையையும் பிபியையும் இழுத்து வருகிறது. தெற்காசிய வம்சாவளியினருக்கு இது குறைந்த எடையிலேயே நடக்கிறது.

தூக்கமும் டென்ஷனும் உண்மையிலேயே கணக்கா, இல்லை சும்மா சொல்வதா?

அமெரிக்க இதயச் சங்கம் தன் பட்டியலில் தூக்கத்தை 2022இல்தான் சேர்த்தது, பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, பகலெல்லாம் தூங்கி வழிவது இதெல்லாம் இருந்தால் அது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். இரவெல்லாம் ஆக்சிஜன் இறங்கி ஏறினால் பிபி எந்த மாத்திரைக்கும் அடங்காது. பக்கத்தில் படுப்பவர்தான் இதற்குச் சாட்சி, அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மன அழுத்தம் நேராகவும் கெடுக்கிறது, சுற்றி வளைத்தும் கெடுக்கிறது. கடும் துக்கத்தில் இதயத் தசை தற்காலிகமாகச் செயலிழக்கும் ஒரு நிலையை ஜப்பானிய மருத்துவர்கள் 1990 வாக்கில் விவரித்தார்கள், அது அபூர்வம். நம்மில் பெரும்பாலோருக்கு நடப்பது வேறு: டென்ஷனில் ஒரு சிகரெட், இரண்டு பெக், நள்ளிரவில் ஒரு பாக்கெட் நொறுக்குத்தீனி. டென்ஷன் ஆகாதே என்ற அறிவுரையால் இதுவரை யாருக்கும் டென்ஷன் குறைந்ததாகத் தெரியவில்லை, நடையும் தூக்கமும் மனசுவிட்டுப் பேச ஓர் ஆளும் கொஞ்சம் குறைக்கின்றன.

கொஞ்சம் வைன் இதயத்துக்கு நல்லதாமே?

அளவாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட நன்றாக இருப்பதாகப் பழைய ஆய்வுகள் காட்டின. ஆனால் குடிக்காதவர்கள் கூட்டத்தில் உடம்பு கெட்டதால் குடியை விட்டவர்களும் கலந்திருந்தார்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதயத்துக்காகத் தொடங்க வேண்டாம்.

கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடணும் என்கிறார்களே? ஆஸ்பிரினும் சேர்த்துப் போடலாமா?

கண்ணாடியும் வாழ்நாள் முழுக்கத்தான் போடுகிறோம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் 1987இலிருந்து புழக்கத்தில் இருக்கின்றன, இவ்வளவு அலசப்பட்ட மருந்துகள் குறைவு. சிலருக்குத் தசைவலி வரும், சர்க்கரை லேசாக ஏறலாம், அப்படியானால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்கள். நிறுத்தினால் எல்டிஎல் பழைய இடத்துக்கே போய்விடும். பழக்கங்கள் சரியாக இருந்தால் குறைந்த அளவிலேயே வேலை முடியலாம், சிலருக்குத் தேவையே வராது, சிலருக்கு எவ்வளவு நடந்தாலும் தேவைப்படும். மாத்திரை வாங்குவது தோல்வி என்று நினைத்து நான் ஏழெட்டு மாதம் பிபி மாத்திரையைத் தள்ளிப்போட்டேன். அசட்டுத்தனம்.

ஆஸ்பிரின் வேறு. மாரடைப்போ, அடைப்பை விரிக்க வைக்கும் ஸ்டென்டோ இல்லாதவர்களுக்கு அது தரும் நன்மையும், வயிற்றிலும் மூளையிலும் ரத்தக்கசிவு உண்டாக்கும் தீமையும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிவிடுகின்றன என்று 2018இல் வந்த மூன்று பெரிய ஆய்வுகள் காட்டின. நீங்களாகத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள்.

வைட்டமின், மீன் எண்ணெய் மாத்திரை, குழாயைச் சுத்தம் செய்யும் பானம்?

வைட்டமின் ஈ பெரிய ஆய்வுகளில் தோற்றுவிட்டது. மீன் எண்ணெய் மாத்திரை நோய் இல்லாதவருக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை, மீனையே சாப்பிடலாம். குழாயைக் கழுவிவிடும் பானம் என்று எதுவும் இல்லை. அழுக்கு சுவருக்குள்ளே இருக்கிறது என்று மேலே சொன்னேனே, குடிப்பது எப்படிப் போய்க் கழுவும்?

பெண்களுக்கு இது குறைவுதானே?

மாதவிடாய் நிற்கும் வரை சராசரியாகச் சில வருடங்கள் தள்ளிப்போகிறது, அதற்குப் பிறகு வேகமாக எட்டிப் பிடித்துவிடுகிறது. உலகில் பெண்களின் மரணத்துக்கும் முதல் காரணம் இதய, ரத்தக்குழாய் நோய்கள்தான். கர்ப்ப காலத்தில் பிபி ஏறியிருந்தாலோ சர்க்கரை வந்திருந்தாலோ அபாயம் பல வருடங்கள் கழித்தும் கூடுதலாக இருக்கிறது, பிரசவத்தோடு போயிற்று என்று விட்டுவிடாமல் வருடாவருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அறிகுறியிலும் வித்தியாசம் இருக்கலாம். நெஞ்சுவலி இவர்களுக்கும் வருகிறது, ஆனால் மூச்சிரைப்பு, குமட்டல், தாடை அல்லது முதுகு வலி, காரணமில்லாத அசதி என்று மட்டும் வந்து அல்சராக இருக்கும் என்று வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

எந்த வயதில் எதைப் பார்க்க வேண்டும்?

பிபி 18 வயதிலிருந்தே. கொழுப்பு இருபதுகளில் ஒருமுறை, நன்றாக இருந்தால் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை. சர்க்கரை 35 வாக்கில், எடை கூடுதலோ குடும்பத்தில் இருந்தாலோ முன்பே. வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம், இவற்றைத் தொட்டால் சர்க்கரை நோய். ஒரு தொந்தரவும் இல்லாதவர் வருடாவருடம் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் என்று மொத்தமாக எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, பல வழிகாட்டிகளும் பரிந்துரைப்பதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியவில்லை. எங்கே தொடங்குவது?

புகைபிடித்தால் அங்கே, வேறு யோசனையே வேண்டாம். இல்லையென்றால் எண்களைப் பார்த்துவிட்டு, எது மோசமோ அதில். நான் முதல் மாதமே உப்பு, சர்க்கரை, எண்ணெய், காபி எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடி, ஆறாவது வாரம் மொத்தத்தையும் கைவிட்டேன். இரண்டாவது முறை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடப்பது மட்டும். அது பழகி, நடக்காவிட்டால் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தபோதுதான் உப்பில் கை வைத்தேன். அந்தப் பதினைந்து நிமிடம் இப்போது நாற்பதாகியிருக்கிறது, மாத்திரையும் தொடர்கிறது, பிபி 124/78.

இவ்வளவும் செய்தும் நெஞ்சு வலித்தால்?

நெஞ்சின் நடுவில் அழுத்தம், யாரோ மேலே உட்கார்ந்த மாதிரி பாரம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல். சில நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். சோடா குடித்துப் பார்ப்பது, விடியட்டும் என்று காத்திருப்பது, நீங்களே வண்டி ஓட்டிப் போவது எல்லாம் வேண்டாம். அடைபட்ட குழாய்க்குப் பின்னால் இருக்கும் தசை ஒவ்வொரு நிமிடமும் செத்துக்கொண்டிருக்கிறது, குழாயைத் திறக்கும் வசதியுள்ள இடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு தசை மிஞ்சும். ஆஸ்பிரினை மென்று விழுங்கலாமா என்று அழைப்பில் இருப்பவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் சுருண்டு விழுந்து, கூப்பிட்டாலும் பதிலில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், உதவிக்கு அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து செ.மீ. இறங்கும்படி அழுத்துங்கள், உதவி வரும்வரை நிறுத்தாமல். வாயில் ஊதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விலா எலும்பு உடைந்துவிடுமோ என்று கையை எடுக்காதீர்கள், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று: சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, ஒவ்வாமை இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள். என்னுடையது பிபி மாத்திரை மாறியபோது பழையதாகவே கிடந்தது, இதை எழுதும்போதுதான் எடுத்துத் திருத்தினேன்.